குறுக்குச் சால்

கிணற்றுக்குள் வாளி விழுந்த சத்தம் தண்ணீர்ச் சத்தமாக இல்லை. ஈரச் சாக்கைத் தரையில் போட்டதுபோல் ‘தொப்’பென்று கேட்டது. டிராக்டருக்குப் பின்னால் மல்லாந்து படுத்து, சட்டிக் கலப்பையின் வட்ட இரும்புச் சட்டிகளுக்கு நட்டை முடுக்கிக்கொண்டிருந்த பவுடர் கையை நிறுத்தினான்.

“என்ன சத்தம் அது?”

“வாளி தரை தட்டுது” என்றாள் அவன் மனைவி.

“கொஞ்சம் தள்ளிப் போடு.”

“சுத்திச் சுத்திப் போட்டாச்சு. அரை வாளிதான் மொள்ளுது. அதுலயும் பாதி சேறு.”

அவன் எழுந்து வந்து எட்டிப் பார்த்தான். ஒரு பக்கம் மண் மேடாக ஏறியிருந்தது. மறு பக்கத்தில் மட்டும் கொஞ்சம் தண்ணீர், அதில் கொஞ்சம் வானம்.

“இன்னொரு காத்து அடிச்சா?” என்று கேட்டாள்.

பதில் இருவருக்கும் தெரியும். போன புழுதிக் காற்றுக்குப் பிறகு உள்ளே இறங்கி மண் அள்ளியபோதே அடியிலிருந்த சிமெண்டு உறை விரிசல் விட்டு ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. கிணறு வெட்டுகிறவர் வந்து பார்த்தார். “இனிமே எவனும் இறங்காதீங்க. ஒருத்தன் இறங்குனா அவனை எடுக்க இன்னொருத்தன் இறங்கணும். அவனை எடுக்க வேறொருத்தன். கடைசியில மூணு குடும்பமும் உள்ளதான் இருக்கும்” என்று சொல்லி, கொடுத்த டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

அண்ணன் தம்பி மூன்று வீட்டுக்கும் அது ஒரே கிணறு. மாடு கன்றுக்கும் அதுதான். இப்படித்தான் தெற்கே இரண்டு குடும்பங்களுக்குக் கிணறு மூடிப்போனது. சாமான்களை வண்டியில் ஏற்றி, வீட்டைப் பூட்டி, சாவியை மறக்காமல் எடுத்துக்கொண்டு போனார்கள். சாவி எதற்கென்று தெரியவில்லை. மண் வாசற்படி ஏறி, கதவில் பாதி உயரம் நிற்கிறது.

அவனுடைய சொந்தப் பெயர் ஓட்டுநர் உரிமத்தில் மட்டும்தான் இருந்தது. வெளியே எல்லோருக்கும் அவன் பவுடர். வாடகைக்கு உழவு ஓட்டுகிறவன். ரொட்டவேட்டரை மாட்டி அவன் ஒரு சுற்றுச் சுற்றினால் அந்த மண்ணை எடுத்து முகத்துக்குப் பூசலாம் என்பார்கள். அவனும் அதைப் பட்டமாகவே ஏற்றுக்கொண்டு, டிராக்டர் முகப்பின் மேல்தகட்டில் மஞ்சள் பெயிண்டில் ‘பவுடர்’ என்று எழுதி வைத்திருந்தான்.

மழை பொய்க்கத் தொடங்கியதிலிருந்து அவனுக்கு வேலை கூடியதே தவிர குறையவில்லை. ஒரு தூறல் விழுந்தால் போதும், ஆள் மேல் ஆள் வந்து நிற்பார்கள். மேல்மண்ணைப் பொடித்து மூடிவிட்டால் அடியில் இருக்கும் ஈரம் ஓடாது என்று நம்பிக்கை. பானைக்கு மூடி போடுவதுபோல. மழை தவறாத காலத்தில் அது சரியாகவே இருந்திருக்கலாம். இப்போது மூன்றாவது வருஷம். ஒவ்வொரு தூறலுக்கும் ஒரு மூடி, மூடிக்கு மேல் மூடி, பானையில்தான் ஒன்றுமில்லை. அறுவடை முடிந்ததும் அடிக்கட்டையை ஒன்றுவிடாமல் கொளுத்தி, நிலத்தைச் சலித்த மாவாக வைத்திருப்பவன்தான் விவசாயி. கட்டையும் கட்டியுமாகப் போட்டு வைத்தவனிடம், “என்னப்பா, நிலத்துக்குத் தலை வாரிவிட ஆளில்லையா?” என்று கேட்பார்கள்.

அண்ணன் தம்பி மூவரின் நிலமும் மேற்கு கிழக்காக நீண்டு கிடக்கும் மூன்று பட்டைகள். பாகம் பிரித்தபோது ஒவ்வொருவருக்கும் கிழக்கே கிணறும் வேண்டும், மேற்கே வண்டிப்பாதையும் வேண்டும். விட்டுக்கொடுப்பது அந்த வீட்டு வழக்கத்திலேயே இல்லை. ஆகவே துணியைக் கிழிப்பதுபோல நீளவாக்கில் கிழித்துக்கொண்டார்கள். அதற்கே கோர்ட்டு வரை போக வேண்டியிருந்தது. அளப்பவர் வந்து அளந்து, கல் நட்டு, கல்லையொட்டி வரப்புப் போட்டு முடிந்தபோது, வடக்கே பெரியவர், தெற்கே பவுடர், நடுவே நடு அண்ணன். அந்த நடு அண்ணன் இப்போது இல்லை. அண்ணிதான் இருக்கிறாள்.

ஒரு பட்டைக்குள் குறுக்கே உழுவதென்றால் டிராக்டர் திரும்பவே இடம் போதாது. அதனால் எல்லோரும் நீளவாக்கில்தான் உழுதார்கள். திருப்பம் குறைவு, டீசலும் மிச்சம். காற்று வருவதும் மேற்கிலிருந்துதான். அவன் போட்ட உழவுச் சால் வழியாக, ரோடு போட்டுக் கொடுத்ததுபோல, அவன் பொடித்த மண்ணை அள்ளிக்கொண்டு நேராகக் கிணற்றுக்கு வந்தது.

இது அவனுக்கு உறைத்தது போன காற்றின்போதுதான். அதற்குச் சில நாள் முன்பு, துருப்பிடித்துக் கிடந்த சட்டிக் கலப்பையைப் பழுது பார்த்து, ஓடுகிறதா என்று மேற்குக் கோடியில், பாதையில் ஏற்றித் திருப்ப இடமிருந்ததால், பாதையோரமாகக் குறுக்கே நான்கு சால் போட்டுப் பார்த்திருந்தான். தலையளவு கட்டிகள் புரண்டன. அசிங்கமாக இருக்கிறதே, அப்புறம் ரொட்டவேட்டர் போட்டுச் சரிசெய்யலாம் என்று விட்டுவிட்டான். காற்று அடித்து ஓய்ந்தபின் போய்ப் பார்த்தால், அந்தச் சால்களில் பறந்து வந்த மண் வந்து படுத்திருந்தது. அதற்குக் கிழக்கே கொஞ்ச தூரத்துக்கு அவன் மண் அப்படியே இருந்தது. அதற்கப்பால் வழித்தெடுத்த தரை.

அதைப் பார்த்ததிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

“ஸ்ஸ்!” மனைவி கையை உதறினாள். “வாளியைத் தொட்டாச் சுருக்குங்குது.”

இருவரும் ஒரே நேரத்தில் மேற்கே பார்த்தார்கள். வானம் வெறுமையாகத்தான் இருந்தது. ஆனால் இரும்பு பொய் சொல்லாது. பெரிய காற்று வரும் நாளில் காற்றுக்கு முன்பே தாழ்ப்பாள், வாளி, சைக்கிள் எல்லாம் ஷாக் அடிக்கும். போன முறை பெரியவரின் பசு, சங்கிலியில் மூக்கு பட்டுத் துள்ளி, அவரையே மிதித்துவிட்டது.

“எப்ப வரும்?”

“மத்தியானத்துக்குள்ள.”

“தார்ப்பாய் போன தடவையே கிழிஞ்சு போச்சு. கிணத்தை எதை வச்சு மூடுறது?”

அவன் அதைக் காதில் வாங்காமல் பெரியவர் வீட்டை நோக்கி நடந்தான். அவளும் கயிற்றைச் சுருட்டிப் போட்டுவிட்டுப் பின்னாலேயே வந்தாள்.

பெரியவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சாப்பிடுவது வெளியே தெரியவில்லை. தலையோடு துண்டைப் போர்த்தி, துண்டுக்குள் தட்டை வைத்து, கூடாரத்துக்குள் இருப்பதுபோல் உட்கார்ந்திருந்தார். தூசி தொடங்கியதிலிருந்து எல்லா வீட்டிலும் அப்படித்தான் சாப்பாடு. அப்படியும் சோறு நறநறக்கும். அவர் மனைவி இருமல் தாங்காமல் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். இவர் போகவில்லை.

“அண்ணே.”

“சாப்பிட்டியா?” துண்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

“கிணறு போகப்போகுது அண்ணே.”

“சாப்பிட்டியான்னு கேட்டேன்.”

“இல்ல.”

“அப்ப போய்ச் சாப்பிடு. வெறும் வயித்தோட பார்த்தா கிணறும் போற மாதிரிதான் தெரியும், வானமும் இடியிற மாதிரிதான் தெரியும்.”

“இரும்பு சுருக்குங்குது. மத்தியானம் காத்து வந்துரும். அதுக்குள்ள குறுக்கே உழணும். சட்டிக் கலப்பை போட்டு, கட்டி கட்டியாப் புரட்டி விடணும். மேக்குக் கோடியில ஆரம்பிச்சு எவ்வளவு முடியுதோ அவ்வளவு.”

“உழு. உன் நிலத்தை நீ உழுறதுக்கு நான் என்ன குறுக்கேயா நிக்கிறேன்?”

“என் பட்டையில மட்டும் திரும்ப இடமில்ல. உங்க பட்டையும் சேர்ந்தாத்தான் ஒரே ஓட்டமாப் போக முடியும். நடு அண்ணி நிலத்துல கலப்பையைத் தூக்கிக்கிட்டுத் தாண்டிருவேன். அது கட்டையோட கிடக்கு, அது பறக்கல. நம்ம ரெண்டு பேரு மண்ணுதான் பறக்குது.”

துண்டுக்குள் மென்றுகொண்டிருந்த சத்தம் நின்றது.

“வரப்பு?”

“வரப்பு மேல ஏறி இறங்கித்தான் ஆகணும்.”

துண்டு விலகியது. பெரியவரின் முகம் வேர்த்திருந்தது.

“அதானே பார்த்தேன். ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதையால்ல இருக்கு. அந்த வரப்புக்காக நான் எத்தனை தடவை கோர்ட்டுப் படி ஏறினேன் தெரியுமாடா உனக்கு?”

“எனக்குத் தெரியாம இருக்குமா? என் மேலதானே ஏறினீங்க.”

“நக்கல் பண்ணாதே. இன்னைக்குக் காத்துன்னு சொல்லி வரப்பை அழிப்பே. நாளைக்கு ரெண்டு சால் தள்ளிப் போடுவே. அடுத்த வருஷம் இன்னும் ரெண்டு. எனக்கு நாலு கையா இருக்கு உன்னைத் தடுக்க?”

“நடுவுல அண்ணி நிலம் இருக்கு. நான் எங்கேர்ந்து உங்க பக்கம் தள்ளிப் போட முடியும்?”

பெரியவர் ஒரு கணம் யோசித்தார். அது நியாயமாகப் பட்டதே அவருக்குக் கோபத்தைக் கிளப்பியது.

“அதெல்லாம் விடு. விதை போட்டிருக்கேன்டா. வீட்டுல இருந்த கடைசி விதை. புழுதியில போட்டுட்டு மழைக்குப் பார்த்துக்கிட்டிருக்கேன். அதுல போய்ச் சட்டிக் கலப்பையைப் போட்டா விதை பாதாளத்துக்குப் போயிரும். ‘பவுடர் மாதிரி வச்சிருக்கேன் அண்ணே, கண்ணை மூடிக்கிட்டுத் தூவுங்க’ன்னு சொன்னது யாரு?”

“நான்தான்.”

“அப்ப அது சரி. இப்ப இது சரி. நீ என்னடா, நாக்கா, நடுத்தெருவா?”

“அப்ப எனக்குத் தெரியல அண்ணே.”

“தெரியலைன்னா ரொட்டவேட்டரை ஏன் ஓட்டினே?”

அவன் கையில் ஒட்டியிருந்த கிரீஸைத் தேய்த்துக்கொண்டு நின்றான்.

“என் நிலத்துல சக்கரம் ஏறுச்சுன்னா நான் முன்னாடி படுத்துருவேன்” என்றார் பெரியவர். “ஏத்திக்கிட்டுப் போ.”

அதுவரை ஓரமாக நின்ற அவன் மனைவி சொன்னாள்: “நீங்க படுத்துக்கலாம் மாமா. எழுப்பி முகத்துல தெளிக்க ஒரு கை தண்ணி வேணும். அதுதான் இல்ல.”

பெரியவர் அவளை முறைத்தார். பிறகு தட்டைப் பார்த்தார். கடைசிக் கவளத்தை உருட்டியவர் அதை வாயில் போடாமல் வைத்துவிட்டு, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நிலத்தை நோக்கி வேகமாக நடந்தார்.

“உழவா போறாரு?” என்றாள்.

“படுக்கப் போறாரு.”

அவன் டிராக்டரைக் கிளப்பினான். ஏறும்போது ஸ்டியரிங் சுருக்கென்றது. அவள் பக்கத்தில் வந்து இஞ்சின் சத்தத்துக்கு மேல் கத்தினாள்:

“நான் கிணத்தை மூடிக்கிறேன்!”

“எதை வச்சு?”

“கதவை வச்சு!”

“எந்தக் கதவு?”

“நம்ம வீட்டுல என்ன அரண்மனைக் கதவா இருக்கு? முன்கதவு, பின்கதவு ரெண்டையும் கழட்டுறேன்.”

“வீட்டுக்குள்ள மண்ணு ரொம்பிடுமே.”

“வீட்டைப் பெருக்கிக்கலாம். கிணத்தைப் பெருக்க முடியுமா?”

அவள் திரும்பி ஓடினாள்.

மேற்குக் கோடியை அவன் அடைந்தபோது அடிவானத்தில் ஒரு கோடு தெரிந்தது. யாரோ பென்சிலால் அழுத்தி இழுத்ததுபோல் பழுப்புக் கோடு. பெரியவர் சொன்னபடியே அவருடைய வரப்பில் உட்கார்ந்திருந்தார், குறுக்கே மண்வெட்டியை வைத்துக்கொண்டு. நடு அண்ணி தன் நிலத்தில், இடுப்பில் கை வைத்து நின்றாள். சோளத்தை அறுத்துவிட்டுப் போன அடிக்கட்டை முழங்கால் உயரத்துக்கு அவளைச் சுற்றி நின்றது.

அவள் அதை வேண்டுமென்று விடவில்லை. போன பருவத்தில் பவுடர் பெரியவருக்கு முதலில் உழுதுவிட்டு, ஒரு வாரம் கழித்து அவளிடம் வந்தான். “எச்சில் நேரத்துல வந்து என் நிலத்தை உழ வேண்டாம், போ” என்றாள். “வேண்டாம்னா போங்க, நஷ்டம் எனக்கா?” என்றான். கொளுத்தவும் ஆளில்லை, உழவும் வண்டியில்லை. சண்டை அப்படியே நின்றது, கட்டையும் நின்றது.

“என்ன, ரெண்டு ஆம்பளைங்களும் என் வாசல்ல வந்து நிக்கிறீங்க?” என்றாள்.

“அண்ணி, உங்க நிலத்துல குறுக்கே போகணும். கலப்பையைத் தூக்கிக்கிட்டுத்தான் போவேன். சக்கரம் மட்டும்தான் படும்.”

“தலை வாராதவ நிலம்னு சொன்னீங்கல்ல? ஊருக்கெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிச்சீங்கல்ல? இப்ப அந்தத் தலைமுடியைப் புடிச்சுத்தான் தொங்கணுமா?”

“ஆமா” என்றான்.

அவள் இந்தப் பதிலை எதிர்பார்க்கவில்லை. ஒரு வாக்குவாதத்துக்குத் தயாராக வைத்திருந்த முகத்தை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றாள்.

“கிணறு எப்படி இருக்கு?”

“வாளி தரை தட்டுது.”

“போ அப்ப. ஆனா ஒண்ணு. என் நிலத்துல கலப்பை இறங்குச்சு, கல்லெடுத்து மண்டையை உடைப்பேன். கொழுந்தன்னு பார்க்க மாட்டேன்.”

“என்கிட்ட யாரும் கேக்கல” என்றார் பெரியவர், வரப்பிலிருந்து.

“உங்ககிட்டதான் அண்ணே முதல்ல கேட்டேன்.”

“நான் முடியாதுன்னுட்டேன்.”

முதல் காற்று வந்தது. பெரிய காற்று அல்ல; அது அனுப்பும் ஆள். கணுக்கால் உயரத்துக்கு மண் புகைபோலக் கிளம்பி, சால் பிடித்துக் கிழக்கே ஓடத் தொடங்கியது. ‘ஸ்ஸ்’ என்று ஒரே சீராக ஒரு சத்தம். அடிவானத்துக் கோடு இப்போது சுவராகியிருந்தது. பவுடர் அந்தச் சுவரையும் பெரியவரையும் மாறி மாறிப் பார்த்தான். பெரியவரைத் தூக்கி ஓரமாக வைத்துவிடலாமா என்றுகூட நினைத்தான். அவன் தூக்கினால் அவர் எடையொன்றும் பெரிதல்ல. ஆனால் அதற்குப் பிறகு ஆயுசுக்கும் அந்த எடையைச் சுமக்க வேண்டும்.

“மாமா” என்றாள் நடு அண்ணி. குரல் மாறியிருந்தது. “இங்க வந்து பாருங்க.”

“நான் எழுந்திருக்க மாட்டேன். இது உங்க ரெண்டு பேரு நாடகம்.”

“உங்க விதையெல்லாம் என் வீட்டுக்கு விருந்துக்கு வந்திருக்கு. வந்து பாருங்கன்னா.”

பெரியவர் முதலில் தன் நிலத்தைப் பார்த்தார். அவர் விதை போட்ட மேல்மண் போன காற்றிலேயே பாதி போயிருந்தது. மீதியை இந்தக் காற்று கண்ணெதிரே வழித்துக்கொண்டிருந்தது. அடியில் சிமெண்டுத் தரைபோல இறுகிய மண். அதன் மேல் விதைகள் வெட்டவெளியில் கிடந்தன. ஒன்று உருண்டது. இன்னொன்று உருண்டது. கொஞ்சம் சாய்வாக அடித்த காற்றில் அவை வரப்பின் இடுக்கு வழியே நழுவி, நடு அண்ணியின் கட்டைகளின் காலடியில் போய்ச் சேர்ந்தன. அங்கே ஒவ்வொரு கட்டைக்குப் பின்னாலும் ஒரு சின்ன மண்மேடு. மேட்டில் நாலைந்து விதை.

அவர் எழுந்தார். துண்டை உதறி மடியில் ஏந்திக்கொண்டு பொறுக்கத் தொடங்கினார். ஒரு கட்டையிலிருந்து அடுத்த கட்டைக்கு, குனிந்தபடியே போனார். வரப்பைத் தாண்டி அவளுடைய நிலத்துக்குள் வெகுதூரம் வந்துவிட்டது அவருக்குத் தெரியவில்லை. அவளும் சொல்லவில்லை. பவுடரும் சொல்லவில்லை.

“கட்டையைப் புடுங்கிராதீங்க மாமா” என்று மட்டும் சொன்னாள்.

ஒரு கைப்பிடி சேர்ந்ததும் அவர் நிமிர்ந்து, எங்கே நிற்கிறோம் என்று பார்த்தார். பிறகு மேற்கே பார்த்தார். சுவர் பாதி வானம் ஏறியிருந்தது. அதன் உச்சி சுருண்டு சுருண்டு புரண்டது.

“ஓட்டு” என்றார்.

“அண்ணே?”

“ஓட்டுடா! ஆனா நான் வரப்புலதான் நிப்பேன். வரப்பு அழிஞ்சாலும் நான் நிக்கிற இடம்தான் வரப்பு. இந்தம்மா உன் பக்கத்து வரப்புல நிக்கட்டும். நாங்க ‘தூக்கு’ன்னா தூக்கு. ‘போடு’ன்னா போடு. உனக்குக் கண்ணு தெரியப்போறதில்ல.”

அவன் டிராக்டரைப் பெரியவரின் நிலத்து வடக்குக் கோடிக்குக் கொண்டுபோய், கலப்பை லீவரை இறக்கினான். சட்டிகள் இறுகிய மண்ணைக் கவ்வின. டிராக்டர் முனகி, முன்சக்கரம் லேசாகத் தூக்கி, பிறகு நகர்ந்தது. பின்னால் பாறைபோலக் கட்டிகள் புரண்டு விழுந்தன.

“தூக்கு!” பெரியவர் குரல். தூக்கினான். சக்கரம் வரப்பேறி இறங்கியது. கட்டைகள் மடமடவென்று முறிந்தன.

“போடு!” அண்ணி குரல். போட்டான். அவனுடைய பட்டை. கோடி வரை போய்த் திரும்பினான்.

“தூக்கு!”

“போடு!”

அவன் வாழ்நாளில் இவ்வளவு அசிங்கமாக உழுததில்லை. சால் கோணியது. கட்டி மேல் கட்டி ஏறியது. தொழில் தெரிந்தவன் எவனாவது பார்த்தால் வண்டியைப் பிடுங்கிக்கொண்டு அனுப்பிவிடுவான். ஒவ்வொரு சாலுக்கும் நடுவே இடம் விட்டு, கிழக்கே கிழக்கே நகர்ந்தான். இரு வரப்புக்காரர்களும் அவனோடு சேர்ந்து நகர்ந்தார்கள்.

சுவர் வந்து மோதியது.

விளக்கை அணைத்ததுபோல் இருந்தது. டிராக்டரின் முகப்பில் எழுதியிருந்த பெயர் தெரியவில்லை. பிறகு முகப்பே தெரியவில்லை. ஹெட்லைட்டைப் போட்டான். மஞ்சளாக ஒரு கஞ்சி முன்னால் மிதந்தது. மண் கன்னத்தைச் செதுக்கியது. மூக்கைச் சுற்றிக் கட்டிய ஈரத்துணி நொடியில் சேறாகி, பிறகு அடையாகக் காய்ந்தது.

“தூக்கு!” எங்கிருந்தோ.

“போடு!”

திரும்பினான். வடக்குக் கோடியிலிருந்து பெரியவரின் பட்டையைக் கடந்து, அவர் ‘தூக்கு’ சொல்லும் வரப்புக்கு வந்திருக்க வேண்டும். குரல் வரவில்லை. இன்னும் கொஞ்சம் போனான். வரவில்லை. எதிரில் இருப்பது மண்ணா, கட்டையா, ஆளா என்று தெரியவில்லை. பிரேக்கை மிதித்தான்.

“அண்ணே!”

காற்று மட்டும்தான் பதில் சொன்னது.

இறங்கினான். டிராக்டரின் முன்சக்கரத்தைத் தடவி, அங்கிருந்து தரையைத் தடவி, கையும் காலுமாக நகர்ந்தான். நான்காவது தடவலில் ஒரு கால் அகப்பட்டது. பெரியவர் மண்டியிட்டு, நெற்றி தரையில் பட இருமிக்கொண்டிருந்தார். சக்கரம் வந்து நின்ற இடத்துக்கும் அவருக்கும் நடுவே ஒரு கை நீளம்கூட இல்லை.

“சொன்ன மாதிரியே படுத்துட்டீங்களே” என்றான்.

அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். குரல் இல்லை, வாய் நிறைய மண். தன் மூக்குத்துணியை அவிழ்த்து அவர் வாயைத் துடைத்தான். அவர் அவன் கையைத் தட்டிவிட்டு, தரையில் துழாவி மண்வெட்டியை எடுத்தார். இன்னொரு கையால் வேறெதையோ தேடினார். அளவுக்கல் கிடைத்தது. மண்வெட்டிக் காம்பைத் திருப்பிப் பிடித்து, இரும்பால் கல்லில் ஓங்கி அடித்தார்.

டங்.

அது கேட்டது. குரலைவிட நன்றாகவே கேட்டது. அவர் அவனை டிராக்டர் பக்கம் தள்ளினார். ‘போ’ என்பதுபோல் கையை வீசினார்.

தெற்கே போகும்போது டங் என்றால் தூக்கினான். தெற்கு வரப்பிலிருந்து அண்ணி, பாதிக் குரலில், பாதி இருமலில் கத்தினால் போட்டான்; வடக்கே திரும்பும்போது அவள் குரலுக்குத் தூக்கி, டங்குக்குப் போட்டான். ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்குப் பெரியவர் எப்படித் தவழ்ந்து போனார் என்று தெரியவில்லை. அந்தக் கற்கள் இருக்கும் இடம் அவருக்குத் தன் பற்களைப்போலத் தெரிந்திருக்க வேண்டும். எத்தனை சால் என்று அவன் எண்ணவில்லை. எண்ண நினைத்தபோதெல்லாம் கிணறு நினைவுக்கு வந்தது. கிணற்றடியில் அவள் நினைவுக்கு வந்தாள். பாதி நிலம் தாண்டியிருக்கும் என்று தோன்றியபோது இஞ்சின் இரண்டு முறை விக்கியது. காற்று வடிகட்டி அடைத்துவிட்டது. மூன்றாவது விக்கலில் நின்றேவிட்டது.

மூவரும் டிராக்டருக்கு அடியில் படுத்தார்கள்.

“ஏன் நிறுத்திட்டே?” என்றாள் அண்ணி.

“நான் நிறுத்தல. அதுவா நின்னுடுச்சு. மூச்சு முட்டிருச்சு.”

“நமக்கே முட்டுது, அதுக்கு என்ன.” கொஞ்ச நேரம் கழித்து, “போதுமா இது?” என்றாள்.

“தெரியல அண்ணி.”

“உனக்கு என்னதான் தெரியும்?”

பெரியவரின் தொண்டையிலிருந்து ஒரு கரகரப்பு வந்தது. இருமுகிறார் என்று நினைத்தார்கள். சிரித்தார்.

காற்று ஓய்ந்தபோது சூரியன் சாயத் தொடங்கியிருந்தது. செம்புத் தட்டுப்போல மங்கலாக. மூவரும் எழுந்து கிழக்கே நடந்தார்கள். ஓடவில்லை. ஓட மூச்சு இல்லை. போய்ப் பார்க்கவும் பயம்.

வீட்டுக்குக் கதவில்லாத வாசல், பல்லில்லாத வாய்போலத் திறந்து கிடந்தது. உள்ளே கட்டில் வரை மண். கிணற்றின் மேல் இரண்டு கதவுகள். இடுக்கில் எல்லாம் சேலைகளைத் திணித்திருந்தாள். கதவுகள் பறக்காமல் இருக்க அவளே மேலே ஏறிக் குப்புறப் படுத்திருந்தாள். அவள் மேலும் மண். அசைவில்லை.

“ஏய்” என்றான். கிட்டே போய்த் தோளைத் தொட்டான். சுருக்கென்றது, இருவருக்கும்.

“தொடாதீங்க” என்றாள் அவள், தலையைத் தூக்காமலே. “வாளி எங்கேன்னு பாருங்க முதல்ல.”

அவன் அவள் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டான். வாளியைத் தேடி எடுத்தது அண்ணிதான். பெரியவர் கதவின் மேலிருந்த மண்ணைக் கையாலேயே வழித்தார். போன முறையைவிடக் குறைவாகவே இருந்தது. ஒரு கதவை மட்டும் மெதுவாக நகர்த்தினார்கள். மனைவி கயிற்றை விட்டாள். கயிறு போய்க்கொண்டே இருந்தது. நால்வரும் மூச்சைப் பிடித்துக் கேட்டார்கள்.

வாளி தண்ணீரில் விழுந்தது.

மேலே வந்தது அரை வாளி. கலங்கல். அண்ணி விரலை விட்டுப் பார்த்து, “குடிக்க இப்ப ஆகாது. தெளியட்டும்” என்றாள். “ஆனா தண்ணி.”

மறுநாள் காலை மீண்டும் காற்று எழுந்தது. நேற்றுப்போல இல்லை, ஆனாலும் காற்று. நால்வரும் கிணற்றடியில் நின்றார்கள். பவுடர் மேற்கே பார்க்க மாட்டேன் என்று முதுகைக் காட்டி நின்றான்.

“மண்ணு கிளம்புதா?”

“இல்ல” என்றாள் மனைவி.

“நல்லாப் பாரு.”

“பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். உழுத இடம் கிளம்பல. கிழக்குப் பக்கம் லேசாப் புகையுது. ஆனா பாதைக்கு அந்தப் பக்கம் கிளம்புது. நிறையவே கிளம்புது.”

அவன் திரும்பினான். வண்டிப்பாதைக்கு அப்பால் மில்காரரின் நிலம். இவர்களுடையதைப்போல் பல மடங்கு. அதையும் பொடித்துக் கொடுத்தவன் அவன்தான். அதற்குப் பாராட்டாக மில்காரர் ஒரு வேட்டி கொடுத்திருந்தார்.

“அது இங்கதான் வந்து சேரும்” என்றார் பெரியவர். குரல் இன்னும் சரியாக வரவில்லை. “வடிகட்டியைச் சுத்தம் பண்ணிட்டியா?”

“பண்ணிட்டேன். ஆனா அவர் உழ விட மாட்டாரு அண்ணே. அவரும் விதை போட்டிருக்காரு.”

“எப்படி விடுவான்? நானே விடலையே.”

“நீங்களும் மில்காரரும் பேசி எத்தனை வருஷமாச்சு?”

“அதான் தொண்டை போயிருக்கே. கத்திச் சண்டை போட முடியாது. பேசத்தான் முடியும்.”

அவர் முன்னால் நடந்தார். தம்பி டிராக்டரை எடுக்காமல், கால்நடையாகவே பின்னால் போனான். நேற்றுப் புரட்டிய கட்டிகளில் தடுக்கித் தடுக்கிப் போக வேண்டியிருந்தது. வரப்பு இருந்த இடத்தைக் கடக்கும்போது பெரியவர் கீழே பார்க்கவில்லை.

பாதையைத் தாண்டி மில்காரரின் வரப்பு வந்தது. மழமழவென்று, நூல் பிடித்ததுபோல் இருந்தது. தூரத்தில் மில்காரர், குடையை எதிர்க்காற்றில் பிடித்துக்கொண்டு, பறக்கும் தன் மண்ணுக்கு நடுவே நின்றார். பெரியவர் வரப்பில் கால் வைக்கவில்லை. இந்தப் பக்கமே நின்று, துண்டைத் தோளிலிருந்து எடுத்துவிட்டு, வராத குரலில் அவரைக் கூப்பிட்டார்.